கேம் போட்டிக்கு லைவ் போட ஆள் பிடிக்கும்போது கவனம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பப்ஜி மொபைல் போட்டி வைத்தோம். 16 அணி, 64 பெடியள். லைவ் வீடியோவுக்கு 85,000 ரூபா பேசி, 45,000 முற்பணமும் கொடுத்து ஏமாந்தேன். குழுவின் பெயரைப் போட விரும்பவில்லை. போட்டி வைக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டு ஆளைப் பிடியுங்கள்.

கலியாணவீடு, சாமத்தியவீடு என்றால் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். தாலி கட்டுவதைக் கனடாவில் இருக்கும் பெரியம்மா வடிவாகப் பார்ப்பார். அதில்தான் நானும் மயங்கினேன். "கேமும் அதேதான் அண்ணா, நாலு கமரா, ட்ரோனும் தாறம்" என்றார் பொறுப்பானவர். மண்டபத்துக்குள் ட்ரோன் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

வந்தவர்களிடம் கேம் திரையை நேராகக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கேப்சர் கார்ட் இல்லை. ஒப்சேர்வர், அதாவது விளையாடாமல் ஆட்டம் முழுவதையும் பார்த்துக் காட்டுபவர், இருந்த அறையின் டிவியைக் கமராவால் எடுத்தார்கள். லைவில் தெரிந்தது, கறுப்புக் கோடு ஓடும் ஒரு டிவி. தனி இன்டர்நெட் இணைப்பும் கொண்டுவரவில்லை. பெடியள் விளையாடும் அதே வைஃபையில்தான் லைவும். 1080பி, 60 ஃப்ரேம் என்ற தெளிவான வீடியோவுக்கு யூரியூப் சொல்லும் வேகம் 12 எம்பிபிஎஸ் அளவு. மண்டபத்தில் அப்லோட், அதாவது வெளியே அனுப்பும் வேகம், 5 கூட வரவில்லை. "ஸ்பீட் நல்லாத்தானே காட்டுது" என்று அவர் நீட்டியது டவுன்லோட் கணக்கு. கேமும் இழுத்தது, லைவும் விக்கி விக்கிப் போனது.

இதையும் பொறுத்திருப்பேன். ஒப்சேர்வர் திரையில் எந்த அணி எங்கே நிற்கிறது என்பது எல்லாம் தெரியும். அதனால்தான் அதைச் சில நிமிடம் பிந்தி அனுப்புவார்கள். ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளிலேயே டிலே வைக்கலாம். இவர்கள் அப்படியே விட்டார்கள். இரண்டாம் ஆட்டத்தில் ஒருவன் வெளியே நின்று லைவைப் பார்த்து, எதிரி பதுங்கிய வீட்டைத் தன் நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஆட்டத்தைத் திருப்பி வைத்தோம். முதலில் வென்றவர்கள் என்னோடு மல்லுக்கு நின்றார்கள், நான் என்ன செய்ய?

அப்புறம் இடைவேளையில், கலியாணவீட்டுப் பழக்கத்தில், ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார்கள். உரிமைப் பிரச்சினை என்று யூரியூப் லைவை நிறுத்திவிட்டது. இறுதி ஆட்டத்தை வெளியே ஒருவரும் பார்க்கவில்லை. சரி, பதிவையாவது தாருங்கள் என்றால், லப்டொப்பில் ரெக்கோர்ட் போடவே இல்லை. "லைவ் எண்டா லைவ்தானே அண்ணா!"

இனி ஆரையும் பிடித்தால் கமரா எத்தனை என்று கேட்க மாட்டேன். முன்பு செய்த கேம் லைவ் ஒன்றை முழுதாகக் காட்டச் சொல்வேன். முதல்நாளே மண்டபத்துக்கு வந்து அப்லோடை அளந்து, அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்வேன். லைவ் எங்கள் சனலில் போகவேண்டும், பதிவு எம்கேவி என்ற வீடியோ ஃபைலாக எங்கள் கைக்கு வரவேண்டும். சாதாரண எம்பி4 என்றால் நடுவில் கரண்ட் போனால் முழுப் பதிவும் போய்விடலாம்.

மிச்சக் காசு கேட்டு இன்னும் அழைக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. போட்டியிலிருந்து இதுவரை அனுப்பியது ஒரேயொரு ட்ரோன் வீடியோ: மண்டபத்துக் கூரை.