முடி கொட்டினால் எதை நம்பலாம்: எண்ணெயா, மினாக்சிடிலா, பிஆர்பியா, இரும்பு மாத்திரையா?

இருபதுகளில் இருக்கும் ஒரு பெண் முடி கொட்டுகிறது என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழும். அம்மா எண்ணெய் காய்ச்சுவார், ஆபீஸ் தோழி பயோட்டின் என்ற வைட்டமின் கம்மீஸ் லிங்க் அனுப்புவாள், பார்லர் அக்கா ஹேர் ஸ்பா என்பார், போனைத் திறந்தால் பிஆர்பி விளம்பரம் துரத்தும். இவற்றில் பெரும்பாலானதை நானோ என் வீட்டுப் பெண்களோ பார்த்தாயிற்று. எனக்குக் கேட்டது இரும்புச்சத்து மாத்திரைதான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிட்டேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எல்லாரும் சொல்வதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம், இரண்டு மூன்று நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்து குளித்தால் அத்தனையும் சேர்ந்து கையோடு வரும். இறுக்கி இழுத்துக் கொண்டை போட்டால் நெற்றியோரம் மெலியும். ஹாஸ்டல் போர் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், ஒடிய வைக்கும், ஆனால் வேர் தலைக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் சீப்பில் சிக்கியதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகை விடச் சின்னதாக ஒரு முடிச்சு இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இரண்டு முனையும் மொட்டையாக இருந்தால் ஒடிந்தது. ஒடியும் முடிக்கு மாத்திரை எதற்கு?

வேரோடு வருகிறது என்றால் எப்படிக் கொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தலை முழுக்கப் பரவலாக, திடீரென்று, கொத்துக் கொத்தாக வந்தால் இரண்டு மூன்று மாதம் பின்னால் போய் யோசியுங்கள். டெங்கு, டைஃபாய்டு, பிரசவம், ஆபரேஷன், கல்யாணத்துக்கு முன் பட்டினி கிடந்து இளைத்தது என்று ஏதாவது அகப்படும். உடம்புக்கு அப்படி ஒரு அடி விழுந்ததும் வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பகுதி ஓய்வுக்குப் போய்விடும். அந்த ஓய்வு சுமார் மூன்று மாதம், அது முடிந்த பிறகுதான் உதிரும். அதற்குள் நாம் காய்ச்சலையே மறந்திருப்போம், பழி ஷாம்பூ மேல் விழும். காரணம் நீங்கிவிட்டால் இது பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக அடங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை, அந்தச் சமயத்தில் எதைத் தேய்த்திருந்தாலும், எதை விழுங்கியிருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். என் மாத்திரைக்கு நான் கொடுக்கும் சான்றிதழையும் இந்தக் கணக்கில் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டு போனால் அது வேறு கதை. அது பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்த விஷயம். கூடவே பீரியட்ஸ் தள்ளிப் போவது, தாடையில் பரு, மேலுதட்டில் முடி எல்லாம் இருந்தால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். காசு அளவில் வட்டமாக வழுக்கை விழுந்தால் அது புழுவெட்டு, இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம், நேராகத் தோல் டாக்டரிடம் போங்கள்.

இப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? விலை, பக்கவிளைவு, எத்தனை மாதத்தில் தெரியும் என்றெல்லாம் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு அவற்றை விட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: நிறுத்தினால் என்ன ஆகும்? இருபத்தைந்து வயதில் தொடங்கும் வைத்தியத்துக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கவே கூடாது.

மினாக்சிடிலை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் ஆண்களுக்கு 1988-லும் பெண்களுக்கு 1991-லும் அனுமதி கிடைத்தது. வகிடு அகலமாகும் வகைக்கு இதை விட அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட தடவு மருந்து கிடையாது, அதில் எனக்குச் சண்டையே இல்லை. என் சித்தி மகளுக்கு அதுதான் கை கொடுத்தது. முதல் சில வாரம் முன்னை விட அதிகமாகக் கொட்டும், அதற்குப் பயந்து பாதியில் விட்டவர்கள் உண்டு, அவளும் விடப் பார்த்தாள். நாலு மாதமாவது பொறுத்தால்தான் வித்தியாசம் தெரியும். தலையணையில் வழிந்தால் கன்னத்தில் பூனை முடி வளரும்.

சரி, நிறுத்தினால்? வளர்ந்தது சில மாதத்தில் போய்விடும். பிள்ளை உண்டாகும்போதும் பால் கொடுக்கும்போதும் இதைத் தடவக் கூடாது. அப்படியென்றால் கல்யாணம், குழந்தை என்று போகப்போகும் பெண் நடுவில் ஒரு பெரிய இடைவெளி விட்டே ஆக வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு இயற்கையாகவே கொட்டும் கொட்டலும் அதே சமயத்தில் வந்து சேரும். ஐம்பது வயது அத்தைக்கு இந்தக் கவலை இல்லை. தெரிந்துகொண்டே தொடங்கினால் தப்பில்லை, ஆனால் மருந்துக் கடையில் தானாகப் போய் வாங்கித் தடவும் காலேஜ் பெண்ணுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

பிஆர்பி என்றால் நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் திரண்ட பகுதியைப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவது. நான் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொண்ட இரண்டு பேரில் ஒருத்திக்கு முடி திக்காகத் தெரிகிறது, இன்னொருத்தி பணத்தை நினைத்துப் புலம்புகிறாள், இதை வைத்து நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும், மாதம் ஒன்று என்று மூன்று தடவையாவது போடச் சொல்வார்கள், அதன் பிறகும் ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை வரச் சொல்வார்கள். நிறுத்தினால் என்ன என்ற கேள்விக்கு இங்கேயும் அதே பதில்தான்.

பயோட்டின் கம்மீஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பயோட்டின் குறைவதே அபூர்வம், இல்லாத குறையை நிரப்புவது எப்படி?

எண்ணெய்க்கு வருவோம், இங்கேதான் அடி விழும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் போய் புரதம் கழிந்து போவதைக் குறைக்கிறது, அதனால் ஒடிவது குறையும். அது உண்மையான பலன். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் போட்டுக் காய்ச்சினாலும் நானும் சந்தோஷமாகத் தேய்த்துக்கொள்வேன், அம்மா கை பட்டால் தூக்கமாவது வரும். ஆனால் ரத்தத்தில் இல்லாத சத்தை மண்டைத் தோல் வழியாக ஊற்ற முடியாது. பொடுகு இருந்தால் எண்ணெயை ஊற வைக்கவே வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அந்தக் கொழுப்புதான் சாப்பாடு. வெங்காயச் சாறுக்கு ஆய்வு இருக்கிறது என்பார்கள், இருக்கிறது, 2002-ல் வந்தது, ஆனால் அது புழுவெட்டுக்குச் செய்தது.

கடைசியாக இரும்பு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை என்று வந்தது. அதாவது முடி கொட்டும் பெண்ணிடம் முதலில் தேட வேண்டிய குறை இதுதான். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின், சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். என் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 12.2, ஃபெரிட்டின் 11. பக்கத்தில் லேப் போட்டிருந்த அளவு 10 முதல் 291 வரை. 11 என்பது 10-க்கு மேலே என்பதால் தடித்த எழுத்தில்கூட வரவில்லை, எல்லாம் நார்மல் என்று கையில் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 15-க்குக் கீழே போனாலே இரும்புக் குறைவு என்கிறது. தோல் டாக்டர்கள் பலர் முடிக்கு 40-க்கு மேலாவது இருக்கட்டும் என்பார்கள், ஆனால் இந்த எண்ணில் ஒருமித்த கருத்து இல்லை, இரும்புக்கும் முடிக்கும் உள்ள தொடர்பிலேயே ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன.

பிறகு ஏன் இதன் பக்கம் நிற்கிறேன் என்றால், நிறுத்தினால் என்ன என்ற அந்தக் கேள்விக்கு இதில்தான் நல்ல பதில் இருக்கிறது. சேமிப்பு நிறைந்ததும் நிறுத்திவிடலாம், நிறுத்தியதால் முடி பழிவாங்காது. முடிக்கு உதவாமல் போனாலும் மாடி ஏறினால் மூச்சு வாங்குவது குறையும். பிள்ளை பெறும் காலத்தில் மற்றதையெல்லாம் நிறுத்தச் சொல்கிறவர்கள் இதை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. இரும்பு எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் மாத்திரை விழுங்கினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பீரியட்ஸ் ஏழு நாளைத் தாண்டுகிறதா, ஒரு மணி இரண்டு மணிக்கு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, ரூபாய் நாணயத்தை விடப் பெரிய கட்டியாகப் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை, நமக்கும் அதுவே வழக்கம் என்று தோன்றிவிடுகிறது. அப்படியிருந்தால் தோல் டாக்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவர் மகப்பேறு டாக்டர்.

சாப்பிடும் முறையிலும் பாதி வெற்றி இருக்கிறது. காபி டீயோடு போட்டால் பெரும்பகுதி வீண், ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள், பால், கால்சியம் மாத்திரைக்கும் அப்படியே. ஒரு எலுமிச்சைச் சாறு கூட இருந்தால் நல்லது. வயிறு புரட்டினால், மலச்சிக்கல் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், அப்படிப் போட்டால் உடம்பு இன்னும் நன்றாகவே இழுத்துக்கொள்கிறது. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம். முருங்கைக்கீரையை விட வேண்டாம், ஆனால் கீரையில் இருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் வேகமாக வேலை செய்யும். இவ்வளவுக்குப் பிறகும் முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எனக்கு நெற்றியோரம் குட்டி முடி நிமிர்ந்து நிற்பது முதலில் தெரிந்தது, ஜடையின் கனம் திரும்ப அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆனது.

டெஸ்ட் எடுக்காமல் இரும்பு போடாதீர்கள். தலசீமியா (பரம்பரை ரத்தக் குறைபாடு) மரபணு உள்ளவர்களுக்கு இரும்பு குறையாமலே ரத்தம் குறைவாகக் காட்டும், அவர்களுக்கு வீணாக இரும்பு ஏற்றக் கூடாது. உடம்பில் காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறித் தெரியும், அது தணிந்த பிறகு எடுங்கள். ஊசி குத்துவதே குத்துகிறார்கள், அதோடு டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு டெஸ்டையும் சேர்த்துவிடுங்கள். பயோட்டின் கம்மீஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை லேபில் சொல்லுங்கள், தைராய்டு ரிசல்ட்டை அது தப்பாகக் காட்ட வைக்கும், எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.