லேபிள் ஷீட் அடிக்க லிப்ரே ஆபீஸ் ரைட்டர்: நெல்லைப் பக்கத்துச் சிறுதொழிலுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

கல்லிடைக்குறிச்சி அப்பளமோ உடன்குடிக் கருப்பட்டியோ, பாக்கெட்டில் ஒட்டுகிற லேபிளில் தேதியும் பேட்ச் எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். ஐம்பது, நூறு பாக்கெட்டுக்காக ஒவ்வொரு தடவையும் அச்சகத்துக்கு ஓட முடியாது. ஏ4 ஸ்டிக்கர் ஷீட் வாங்கி, கையில் இருக்கிற பிரிண்டரில் அடித்துக்கொள்வதே தோது. இதற்கென்று தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம், லிப்ரே ஆபீஸ் ரைட்டர் போதும். காசில்லாமல் கிடைக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே லேபிளைத் தாள் முழுக்க அடிக்கும் வேலையில் அது மைக்ரோசாஃப்ட் வேர்டைவிடக் கைக்கு அடக்கமாக இருக்கிறது. ஆளுக்கொரு முகவரி அடிப்பதில் வேர்டுதான் மேல்.

ஃபைல், நியூ, லேபிள்ஸ் என்று போனால் மூன்று டேப் உள்ள ஜன்னல் திறக்கும். முதல் டேபில் லேபிளில் வரவேண்டிய எழுத்தையும், ஷீட்டின் பிராண்டையும் வகையையும் கேட்கும். பட்டியலில் பெரும்பாலும் ஏவரி போன்ற வெளிநாட்டுப் பெயர்கள்தான். டவுனில் வாங்கிய கட்டின் அட்டையில் ‘24 லேபிள், 64 × 34 மி.மீ.’ என்று மட்டும் போட்டிருந்தால், அது அநேகமாக ஏவரி எல்7159 அளவு. 21 லேபிள் ஷீட் என்றால் எல்7160. பழக்கத்தில் பலர் 5160-ஐத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது அமெரிக்க லெட்டர் தாளுக்கான 30 லேபிள் கணக்கு. அந்தத் தாள் 215.9 × 279.4 மி.மீ., நம் ஏ4 தாள் 210 × 297. ஒரு வரிசைகூட ஒத்து வராது.

பட்டியலை நம்புவதைவிட, ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஷீட்டை அளந்து இரண்டாவது டேபான ஃபார்மேட்டில் எண்களைப் போடுவதே பத்திரம். இங்கே தவறு நடப்பது ஒரே இடத்தில்தான்: பிட்ச். பிட்ச் என்பது லேபிளின் அகலம் அல்ல. ஒரு லேபிளின் இடது ஓரத்திலிருந்து அடுத்த லேபிளின் இடது ஓரம் வரை உள்ள தூரம், அதாவது அகலமும் நடுவிலுள்ள இடைவெளியும் சேர்ந்தது. எல்7159 அளவு ஷீட்டில் லேபிள் 63.5 மி.மீ. அகலம், இடைவெளி ஏறக்குறைய இரண்டரை மி.மீ. ஆகவே ஹரிசாண்டல் பிட்ச் 66.04. அந்த இடத்தில் 63.5 என்றே போட்டால் மூன்றாவது பத்தி ஐந்து மி.மீ. இடப்பக்கம் ஏறிவிடும். மேலிருந்து கீழே லேபிள்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. அதனால் உயரமும் வெர்டிகல் பிட்ச்சும் ஒன்றே, 33.9. டாப் மார்ஜின் 12.9, லெஃப்ட் மார்ஜின் 7.2, பத்தி 3, வரிசை 8. பெட்டியில் சென்டிமீட்டரோ இன்ச்சோ தெரிந்தாலும் எண்ணுக்குப் பின்னால் எம்எம் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். சேவ் பொத்தானை அமுக்கி ஒரு பெயர் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை அளக்க வேண்டாம்.

முதல் அச்சை ஸ்டிக்கர் ஷீட்டில் எடுக்கவே கூடாது. வெள்ளைத்தாளில் எடுத்து, ஸ்டிக்கர் ஷீட்டின் மேல் ஓரம் பிசகாமல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எப்படி விலகியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். எல்லா லேபிளும் ஒரே அளவு தள்ளியிருந்தால் மார்ஜின் தப்பு. மேல் வரிசை சரியாக இருந்து கீழே போகப் போக விலகல் கூடினால் வெர்டிகல் பிட்ச் தப்பு. அரை மி.மீ. பிசகினாலும் எட்டாவது வரிசைக்கு வரும்போது மூன்றரை மி.மீ. ஆகிவிடும். நடு வரிசை சரியாக நின்று மேலும் கீழும் உள்ளவை நடுவை நோக்கி நெருங்கியிருந்தால், பிரிண்டர் பக்கத்தைச் சுருக்கி அடித்திருக்கிறது. பிரிண்ட் ஜன்னலில் ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் எடுத்துவிட்டு, ஆக்சுவல் சைஸ் அல்லது 100 சதவீதம் வையுங்கள். பிடிஎஃப் ஆக மாற்றிப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொடுத்து அடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லைதான் அதிகம். ஏனென்றால் அங்கே சுருக்கி அடிக்கும் அமைப்பையே நிரந்தரமாக வைத்திருப்பார்கள். பணம் கொடுக்குமுன் வெள்ளைத்தாளில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

ரைட்டரின் உண்மையான பலம் மூன்றாவது டேபான ஆப்ஷன்ஸில் உள்ள ‘சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்’. அதை டிக் செய்து கோப்பைத் திறந்தால், இடது மேல் மூலையிலுள்ள முதல் லேபிளில் மட்டும் தேதியை மாற்றி ‘சிங்க்ரனைஸ் லேபிள்ஸ்’ பொத்தானை அமுக்கினால் மற்ற 23-ம் மாறிவிடும். வேர்டில் முழுப்பக்கமும் ஒரே லேபிள் கேட்டால் 24 தனிப் பிரதி போட்டுக் கொடுத்துவிடும். மறுநாள் தேதி மாற்ற, தேடி மாற்று போட வேண்டும் அல்லது முதலிலிருந்து தொடங்க வேண்டும். தினம் சரக்குப் போடுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். லேபிளில் லோகோ வைப்பதானால், படம் எதோடு சேர்ந்து நிற்கும் என்பதைச் சொல்லும் ஆங்கர் அமைப்பை ‘ஆஸ் கேரக்டர்’ என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற லேபிள்களுக்குப் படம் ஒழுங்காகப் போய்ச் சேராது.

முகவரிப் பட்டியலில் ரைட்டர் கொஞ்சம் படுத்தும். எக்செல் பட்டியலை முதலில் டேட்டா சோர்ஸாக, அதாவது முகவரிகளை எடுக்கும் மூலமாகப் பதிய வேண்டும். அச்சு கொடுக்கும்போது ‘ஃபார்ம் லெட்டர் அடிக்கவா?’ என்று கேட்கும். அதற்கு நோ கொடுத்தால் முகவரிக்குப் பதில் பெயர், ஊர் போன்ற ஃபீல்டு தலைப்புகளே அச்சாகி ஒரு ஷீட் வீணாகும். பட்டியலிலிருந்து ஆளுக்கொரு முகவரியை எடுத்து நிரப்பும் வேர்டின் மெயில் மெர்ஜ் தெளிவாக இருக்கிறது. ஆனால் முதல் லேபிளை அமைத்தபின் ‘அப்டேட் லேபிள்ஸ்’ அமுக்க மறந்தால் மற்றவை காலியாக நிற்கும். தேதி உள்ள பத்தியை எக்செல்லில் டெக்ஸ்ட் ஆக வைத்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் மாதம் முன்னும் நாள் பின்னுமாக வந்து, 05/08 எந்த மாதம் என்று வாங்குபவர் குழம்புவார்.

தமிழ் எழுத்தில் இரண்டு சிக்கல். பழைய டிடிபி கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் லேபிளில் ஒட்ட வேண்டும். அடுத்தது வரி இடைவெளி. இடம் பற்றாமல் அதை ‘எக்ஸாக்ட்லி’ என்று குறைத்தால் கீ, ழீ ஆகியவற்றின் மேல் சுழியும் ஞு, ழு ஆகியவற்றின் அடியும் வெட்டுப்படும். 9 பாயின்ட் எழுத்துக்குக் குறைந்தது 12 பாயின்ட் இடைவெளி கொடுங்கள். சிறிய அளவில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு தெளிவாக விழுகிறது. தடித்த எழுத்தில் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

பிரிண்டர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அல்வா டப்பாவில் நெய்க்கை படும், குளிர்பெட்டியில் வைத்த பாட்டில் வியர்க்கும். சாதாரண இங்க்ஜெட் மை இரண்டையும் தாங்காது, லேசர் டோனர் ஈரத்தைத் தாங்கும். ஆனால் பாதி உரித்த ஷீட்டை லேசரில் மறுபடி விடவே கூடாது. டோனரைத் தாளில் சூடேற்றி ஒட்டவைக்கும் ஃபியூசரின் சூட்டில் பசை இளகி லேபிள் உள்ளேயே ஒட்டிக்கொண்டால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஒற்றை லேபிளை வரிசை, பத்தி எண் கொடுத்து அடிக்கும் வசதி ரைட்டரில் உண்டு. அதை இங்க்ஜெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லேசரில் பேப்பர் டைப்பை ‘லேபிள்ஸ்’ என்று மாற்றி, மேனுவல் ஃபீடு வழியாக ஒவ்வொன்றாக விடுங்கள்.

கறுப்பு வெள்ளை லேசர் மட்டும் வைத்திருக்கும் உணவுப்பொருள்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சைவக் குறி பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமாகவே இருக்க வேண்டும், கறுப்பில் அடித்தால் செல்லாது. எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரை, 14 இலக்க உரிம எண், பச்சைக் குறி, சேர்மானம், முகவரி போன்ற மாறாத விவரங்களைச் சிவகாசியில் மொத்தமாக அதே அளவு ஷீட்டில் வண்ணத்தில் அடித்து வாங்கிக்கொண்டு, தேதி, பேட்ச், விலை இந்த மூன்றை மட்டும் ரைட்டரில் மேலே அடிப்பது நல்ல ஏற்பாடு. மேலே சொன்ன பிட்ச் கணக்கு அங்கேயும் அப்படியே பொருந்தும்.

குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியில் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் பிரித்த கட்டு ஈரம் இழுத்துச் சுருளும், சுருண்ட ஷீட் உள்ளே சிக்கும். ஜிப் கவரில் தட்டையாக வைத்து, வேண்டியதை மட்டும் எடுங்கள். அப்பளக் கவரில் மாவு படிவதற்கு முன்பே, காலிக் கவராக இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். கருப்பட்டியை ஓலைக்கொட்டானில் கொடுப்பவர்கள் ஓலைமேல் நேராக ஒட்ட முயல வேண்டாம், இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். லேபிளைக் கனமான அட்டையில் ஒட்டி, ஓரத்தில் துளை போட்டு நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.