ஜப்பானில் மருந்து நோட்டோடு பதினோரு வருஷம்

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த மதுரைத் தம்பி இன்றைக்கு வாட்ஸப்பில் கேட்டான். "அண்ணே, மருந்துக்கடையில ஒரு குட்டி நோட்டு குடுத்தாங்க. ஒகுசுரி தெச்சோவாம். இதை வச்சுக்கணுமா, தூக்கிப் போட்டுடலாமா?"

வச்சுக்கோ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரத்தில் நானே அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மருந்துக்கடையில் நாற்பது நிமிஷமாக உட்கார்ந்திருந்தேன். வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, ஆற அமர எழுதுகிறேன்.

பில்லில் முப்பது சதவீதம் நாம், மீதி இன்சூரன்ஸ், ஆம்புலன்ஸ் இலவசம், கிளினிக் டாக்டரின் கடிதம் இல்லாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் 7,000 யென்னாவது தனியாகக் கட்ட வேண்டும். இதெல்லாம் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது நோட்டைப் பற்றி மட்டும்.

டோக்கியோவின் நிஷிகசாயில் குடியேறிய 2014 முதல் இது என்னிடம் இருக்கிறது. இப்போது நாலாவது நோட்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, இலவசம். முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன வியாதி வந்தது என்று நாம் எழுத வேண்டும். அப்புறம் ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் தேதி, டாக்டர், மருந்தின் பெயர், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று அச்சடித்த ஸ்டிக்கரை அவர்களே ஒட்டித் தருவார்கள். அவ்வளவுதான். மூணாவது நோட்டின் அட்டையில் முயல் படம். மகளுக்குக் கொடுத்ததை அவசரத்தில் நான் எடுத்துப் போய், அதிலேயே ஒட்டிவிட்டார்கள். இரண்டு வருஷம் அந்த முயலோடுதான் அலைந்தேன். ஜப்பானில் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது ஒரு வசதி.

இது ஏதோ அழகுக்குக் கொடுக்கும் நோட்டு என்றுதான் நானும் நினைத்தேன். இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1993-ல் சொரிவுதின் என்று அக்கி நோய்க்கு ஒரு மாத்திரை இங்கே விற்பனைக்கு வந்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃபுளோரோயுராசில் வகை மருந்தை உடம்பு கரைத்து வெளியேற்றுவதை அது தடுத்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 15 பேர் இறந்துபோனார்கள். நோயாளியிடம் புற்றுநோய் என்பதையே சொல்லாமல் மறைக்கும் வழக்கம் இருந்த காலம் அது. தான் என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியாதபோது இன்னொரு டாக்டரிடம் எப்படிச் சொல்வார்? இந்த நோட்டு பரவியதற்கு அந்தச் சாவுகள் ஒரு பெரிய காரணம். 2011 சுனாமியில் ஆஸ்பத்திரிகளின் ஃபைல்கள் அடித்துக்கொண்டு போனபோது, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு முகாமில் சட்டென்று சரியான மருந்து கிடைத்ததாம். எங்கள் கட்டடத்துத் தாத்தா ஒருவர் ஒவ்வொரு நிலநடுக்கப் பயிற்சியிலும் இதைத் தவறாமல் சொல்வார்.

இப்போதுதான் மைநம்பர் கார்டு (இங்கத்து ஆதார் மாதிரி, இன்சூரன்ஸ் அட்டையாகவும் அதுவே) வந்துவிட்டதே, நோட்டு எதற்கு என்று தம்பி அடுத்துக் கேட்பான். 2024 டிசம்பர் 2 முதல் பழைய இன்சூரன்ஸ் அட்டை புதிதாகக் கொடுப்பதில்லை. கார்டை மெஷினில் வைத்துச் சம்மதம் கொடுத்தால் நம் பழைய மருந்துகளை அவர்கள் திரையில் பார்க்கலாம். பார்க்கலாம்தான். ஆனால் அந்த விவரம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியும் கடையும் இன்சூரன்ஸுக்கு அனுப்பும் மாதாந்திர பில்லிலிருந்து வருவது. போன வாரம் வாங்கியது அதில் ஏறியிருக்காது. நோட்டில் அன்றைக்கே ஏறிவிடும். ஆப் ஒன்றும் உண்டு. நான் 2019-ல் போட்டேன், போனை மாற்றினேன், எல்லாம் போயிற்று. நோட்டுக்குச் சார்ஜ் தேவையில்லை.

இதுவரை நல்லதுதான் சொன்னேன். சரி, இனி என் வயிற்றெரிச்சல்.

முதலில் கிளினிக்கில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம்: எப்போதிலிருந்து, எங்கே வலி, காய்ச்சல் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். அதையே நர்ஸ் கேட்கிறார். அதையே டாக்டர் கேட்கிறார். சீட்டை வாங்கிக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போனால், அங்கேயும் ஒரு தாள். அதிலும் அதே கேள்விகள். எழுதிக் கொடுத்து, சீட்டும் கொடுத்து, நோட்டும் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துப் பெயரைக் கூப்பிடுவார்கள். கவுண்டரில் நின்றதும் மருந்தாளுநர் பெண் குனிந்து, அன்பாக, கடை முழுக்கக் கேட்கும்படி கேட்பார்: "கியோவா தோ சரேமஷ்தா கா?"

இன்றைக்கு என்ன ஆச்சு? என்ன ஆச்சா! கையில் சீட்டு இருக்கிறது, தாள் இருக்கிறது, பதினோரு வருஷத்து ஸ்டிக்கர் இருக்கிறது.

சளி, இருமல் என்றால் பரவாயில்லை. ஒரு தடவை மூலத்துக்குக் களிம்பு வாங்கப் போனேன். ஆறு நாற்காலிதான் உள்ள கடை. பக்கத்து நாற்காலியில் எங்கள் கட்டடத்து மூணாம் மாடி அக்கா. ஜப்பானிய மொழி என்னைவிட அவருக்கு நன்றாக வரும். கவுண்டரில் வழக்கமான கேள்வி வந்தது. நான் "ஹை, ஹை" என்று தலையாட்டித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. வலி இருக்கிறதா, ரத்தம் வருகிறதா, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாக, கனிவு குறையாமல் கேட்டார். சத்தம் அணைத்து வைத்திருந்த டிவியில் வானிலை அறிக்கையை அக்கா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாகரிகத்துக்காக அவருக்கு ஆயுசுக்கும் நன்றி.

நியாயமாகப் பார்த்தால் கேட்பதில் காரணம் இருக்கிறது. இங்கே டாக்டர் எழுதும் சீட்டில் வியாதியின் பெயர் இருக்காது, மருந்து மட்டும்தான். ஒரே மாத்திரையைப் பல நோய்க்குக் கொடுப்பார்கள். கேட்காமல் மருந்தாளுநருக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் போட்டுத் தெளிந்த பிறகுதான் மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். என் விஷயத்திலேயே நடந்தது. முதுகுவலிக்கு எலும்பு டாக்டர் செலெகாக்ஸ் கொடுத்திருந்தார். அந்த வாரமே பல் பிடுங்கிவிட்டு லொகிசோனின் சீட்டோடு போய் நின்றேன். நோட்டைப் புரட்டிய மருந்தாளுநர் விரலை ஒரு ஸ்டிக்கர்மேல் வைத்து நிறுத்தினார். இரண்டும் ஒரே வகை வலி மாத்திரை. சேர்த்துச் சாப்பிட்டால் வயிறும் சிறுநீரகமும் பாடுபடும். பல் டாக்டருக்குப் போன் போட்டு, மாற்றி வாங்க இருபது நிமிஷம். கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு அந்த இருபது நிமிஷமும் மனசுக்குள் திட்டினேன். வீட்டுக்குப் போனதும் வெட்கமாக இருந்தது.

சரி, கேளுங்கள். மெதுவாகக் கேட்கக் கூடாதா?

இதற்கெல்லாம் கிடைக்கும் பரிசையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்குள் அதே கடைக்கு நோட்டோடு போனால் கட்டணம் கொஞ்சம் குறையும். நம் பங்குக்கு மிச்சமாவது சுமார் 40 யென். ஓர் உருண்டைச் சோறுகூட வாங்க முடியாது.

இந்த நோட்டை நான் உண்மையிலேயே மதிக்க ஆரம்பித்தது அம்மா வந்தபோதுதான். கும்பகோணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை முன் அனுமதி இல்லாமல் ஒரு மாதத்துக்கு மட்டும்தான் கொண்டுவரலாம் என்பதால் (தம்பி, இதைக் குறித்துக்கொள்) பிரஷர் மாத்திரை பாதியில் தீர்ந்துவிட்டது. இன்சூரன்ஸ் கிடையாது, முழுப் பணமும் கையிலிருந்து. போகட்டும். அம்மாவிடம் இருந்தது ஊர்க்கடையில் கத்தரித்துக் கொடுத்த அட்டையின் கடைசித் துண்டு. 'டெல்' என்பது வரைக்கும்தான் எழுத்து மிச்சம், பாக்கி கத்தரிக்கோலில் போய்விட்டது. டெல்மா, நாற்பது என்று அம்மா வாயால் சொன்னதைக் கேட்டு, அந்த மருந்தாளுநர் அதன் வேதிப்பெயரைத் தேடிப் பிடித்தார். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்கென்று புது நோட்டு, முதல் ஸ்டிக்கர். கதகனா எழுத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன்: தெ-ரு-மி-சா-ரு-தா-ன். தெருமிசாருதான். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம டெல்மாவா இது? என்னமோ தெருவுல போற சாரு மாதிரி இருக்கு."

மாத்திரையின் கலர்ப் படத்தோடு ஒரு தாளும் தருவார்கள், எது எதற்கு என்று. அதைப் பூஜை அறையில் செருகி வைத்தார். நோட்டையும் ஊருக்கு எடுத்துப் போனார். அங்கே டாக்டர் இரண்டு பக்கம் புரட்டி, "இது என்ன பாஷைம்மா?" என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டாராம். இந்த நோட்டின் பெரிய ஓட்டை அதுதான். ஸ்டிக்கர் முழுக்க ஜப்பானிய எழுத்து, விமானம் ஏறினால் செல்லாக் காசு. இங்கே வசிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் இத்தனை லட்சம் பேர் இருக்க, மருந்தின் பெயரை மட்டுமாவது ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சடித்தால் மை தீர்ந்துவிடுமா? அம்மா இப்போது அந்த நோட்டில் சர்க்கரை அளவும் பால் கணக்கும் எழுதுகிறார். தேதி போட்டு, வரிசையாக. ஒருவகையில் நோட்டைச் சரியாகப் பயன்படுத்துவது எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

தம்பிக்கு மார்க் போட்டுச் சொல்ல வேண்டுமென்றால், இன்றைய நிலவரத்தில் ஐந்துக்கு இரண்டு. இதை எழுதுவதை எட்டிப் பார்த்த மனைவி, "பாஸ்போர்ட்டை மறந்தாலும் அதை மறக்க மாட்டீங்க, நிலநடுக்கப் பையில ஜெராக்ஸ் வேற எடுத்து வச்சிருக்கீங்க" என்கிறார். இருக்கட்டும். இரண்டுதான்.

ஏனென்றால் அந்த நாற்பது நிமிஷமும் ஓர் இருமல் மாத்திரைக்காக. கொஞ்ச வருஷமாகவே இங்கே பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு. பத்து நாளைக்கு எழுதியிருந்தார்; ஐந்து நாளைக்குத்தான் கடையில் இருந்தது. தாளில் எழுதியாயிற்று, கவுண்டரிலும் சொல்லியாயிற்று, ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. மீதி நாளைக்கு வருமாம். நாளைக்குப் போனால் அந்தப் பெண் குனிந்து கேட்பார். பதிலை இப்போதே ஜப்பானிய மொழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: "நேற்றுச் சொன்ன அதே இருமல்தான்."