ஈறுக்கு அடியில் எந்த நிறம்: தங்கமா, ரோஜாவா, வெள்ளையா?

முன்பல்லுக்கு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு) வைத்தவர் சிரிக்கும்போது பல் அசலைப் போலவே இருக்கும். ஈறு ஓரத்தில் மட்டும் சில சமயம் ஒரு சாம்பல் நிழல் ஓடும். ஈறைக் கடந்து உள்ளே போகும் வெளிச்சம், திருகின் மேல் நின்று பல்லைத் தாங்கும் டைட்டானிய அபட்மென்டில் பட்டு மங்கித் திரும்புவதுதான் காரணம். 2007இல் பல் மருத்துவ ஆய்வாளர் ரொனால்ட் யுங் குழுவினர், பன்றித் தாடையின் ஈறுக்கு அடியில் டைட்டானியமும் சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கானும் வைத்து இதைச் சோதித்தார்கள். ஈறு 3 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியவில்லை. 1.5 மில்லிமீட்டரில் எல்லாமே நிறத்தை மாற்றின, டைட்டானியம்தான் மிக மோசம்.

இந்த நிழலை மறைக்க இரண்டு பூச்சுகள் உண்டு. ஒன்று டைட்டானியம் நைட்ரைடு. ஹார்டுவேர் கடையில் தங்க நிற டிரில் பிட் பார்த்திருப்பீர்களே, அதே பூச்சுதான். நீலத்தை விழுங்கி, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்பும். நிறம் அந்தப் பொருளுக்கே உரியது. அதனால் சில மைக்ரான் கனத்திலேயே அடியில் உள்ள உலோகம் மறைந்துவிடும். சுலபத்தில் கீறலும் விழாது.

இன்னொன்று அனோடைசிங். டைட்டானியத்தைத் திரவத்தில் முக்கி மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேலேயே ஆக்சைடு படலம் வளரும். வோல்டேஜை ஏற்ற ஏற்ற நீலம், மஞ்சள், ரோஜா என்று நிறம் மாறும். சாயம் எதுவும் இல்லை. மழைத் தண்ணீரில் பெட்ரோல் படலம் மினுங்குவது போல, படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து காட்டும் நிறம் அது. செலவும் குறைவு. ஆனால் ரோஜா நிற அபட்மென்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், நிறம் மங்கிவிடும். காற்றில் படலத்தின் மேற்பரப்பு சுமார் 17 சதவீத ஒளியைத் திருப்பும். ஈரத்தில் ஏறக்குறைய 8தான். வாய் எப்போதும் ஈரம்தானே! படலமும் ஒரு மைக்ரானுக்குக் குறைவு. பாலிஷ் போட்டால் போய்விடும். பூச்சு என்றால் என் தேர்வு நைட்ரைடுதான்.

சரி, வெள்ளைச் சிர்கோனியாவையே பூச்சாகப் பூசலாமே? அங்கேதான் சிக்கல். அதன் வெண்மை, நுண்ணிய மணிகளுக்கு இடையே ஒளி திரும்பத் திரும்பச் சிதறுவதால் வருவது. சிதற இடம் வேண்டும். சில மைக்ரான் படலத்தில் அது போதாது, சாம்பல் அப்படியே ஊடுருவும். முழுத் துண்டாகச் செய்தால்தான் வெள்ளை. பன்றித் தாடைச் சோதனையில் 2 மில்லிமீட்டர் ஈறிலேயே மறைந்தது சிர்கோனியாதான்.

ஆனால் அதை நேராக இம்பிளான்டில் திருகினால் டைட்டானியத்தைத் தேய்க்கும். அதனால் டைட்டானிய அடித்தளத்தில் ஒட்டுகிறார்கள்; அந்த அடித்தளம் சாம்பலாக இருந்தால் பழைய கதைதான். மெல்லிய ஈறுள்ள முன்பல்லுக்கு, தங்கப் பூச்சு அடித்தளத்தின் மேல் சிர்கோனியா என்பேன். கடைவாய்ப் பல்லுக்கு வெறும் டைட்டானியமே போதும்.

ஈறு மெலிதா என்று பார்க்க மருத்துவர் அளவுக் கம்பியை ஈறு ஓரத்தில் செருகுவார். கம்பி ஈறின் ஊடே தெரிந்தால் மெலிது. ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.