ஐப்பசி கார்த்திகையில் பிள்ளைகளோடு எங்கே போகலாம்? பிச்சாவரம், சுண்ணாம்பாறு, சில்வர் பீச், ஊசுடு ஒரு அலசல்

காலாண்டுத் தேர்வு லீவில் தொடங்கி அரையாண்டு லீவு வரை, கடலூர், புதுச்சேரிப் பக்கம் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக ஏற்ற காலம். வெயில் தணிந்திருக்கும், பறவைகள் வந்திறங்கும். சிக்கல் என்னவென்றால் வடகிழக்குப் பருவமழையும் இதே மூன்று மாதம்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதனால் இடத்தை முடிவு செய்யும் முன் எந்த வாரம் என்று பார்த்தாக வேண்டும்.

எல்லார் வீட்டிலும் வரும் பஞ்சாயத்து பிச்சாவரமா, சுண்ணாம்பாறா என்பது. இரண்டும் படகுச் சவாரிதான், ஆனால் அனுபவம் வேறு. சுண்ணாம்பாறு படகுத்துறை புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் 8 கி.மீ., நோணாங்குப்பத்தில். நினைத்த மாத்திரத்தில் அரை நாளில் போய் வந்துவிடலாம். பிச்சாவரம் கடலூரிலிருந்து முட்லூர், கிள்ளை வழியாக சுமார் 50 கி.மீ.; புதுச்சேரியிலிருந்து 70-ஐத் தாண்டும். காலை ஏழு மணிக்குள் கிளம்பாவிட்டால் பதினோரு மணி வெயிலில் கூரையில்லாத துடுப்புப் படகில் உட்கார வேண்டிவரும்.

தூரத்தை மட்டும் பார்த்தால் சுண்ணாம்பாறுதான். பிள்ளைக்கு ஆறு வயதுக்கு மேல் என்றால் பிச்சாவரத்துக்கே எங்கள் ஓட்டு. ஒரு நிபந்தனை: மோட்டார் படகில் ஏறாதீர்கள். அது அகலமான கால்வாயில் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். சத்தத்தில் பறவையும் பறந்துவிடும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலைக்கு மேல் கூடும் குறுகலான வாய்க்காலுக்குள் நுழையும். அங்கே இரண்டு மரங்களைப் பிரித்துக் காட்டுங்கள். வளைந்த கால்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் வெண்கண்டல். உப்புச் சேற்றுக்குள் காற்று புகாததால் அது மூச்சுவிடும் வழி அந்த வேர்கள். சுரபுன்னை காய்த்திருந்தால் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்குவதையும் பார்க்கலாம். நீர் இறங்கியிருக்கும் நேரம்தான் வேர்கள் நன்றாகத் தெரியும். எனவே டிக்கெட் எடுக்கும்போதே நீர் ஏற்றமா இறக்கமா என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கிடைத்ததை மாட்டிவிட்டுப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். மாட்டிய பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பிள்ளைக்குப் பெரிது; தண்ணீரில் விழுந்தால் முகத்தை மூடும், அல்லது கழன்று போகும். சின்ன அளவு இல்லை என்றால் அன்றைக்குப் படகு வேண்டாம்.

மழை வந்தால் இரண்டின் கணக்கும் மாறும். சுண்ணாம்பாறு சங்கராபரணி ஆற்றின் கிளை. வீடூர் அணை திறந்தால் இங்கே நீர் செம்மண் நிறத்தில் வேகமெடுக்கும், ஆகாயத்தாமரையும் அடித்துக்கொண்டு வரும். பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கிறது. அவற்றில் வெள்ளம் என்றால் அங்கும் போகாதீர்கள். துறைமுகத்தில் 1-ம் எண் புயல் கூண்டு ஏறினாலே படகு ஓடாது என்று எடுத்துக்கொள்வது நல்லது.

நேரமும் முக்கியம். அக்டோபர் முதல் பாதியில் இடிமழை பெரும்பாலும் மாலையில்தான் கட்டும். காலை வெளுத்திருக்கும், படகுக்குச் சரியான பொழுது. நவம்பரில் கடலிலிருந்து ஏறிவரும் மழைக்கு நேரம் காலம் கிடையாது. ஆகவே தூரப் பயணத்தை அக்டோபர் தொடக்கத்துக்கோ டிசம்பர் கடைசிக்கோ வைத்துக்கொண்டு, நவம்பருக்குப் பக்கத்து இடங்களை ஒதுக்குங்கள்.

பக்கத்து இடம் என்றால் கடற்கரைதான். புதுச்சேரி கடற்கரைச் சாலையும் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பது தவறு. முன்னது நடக்க, பின்னது விளையாட. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். தள்ளுவண்டியில் கைக்குழந்தை, மூன்று சக்கர சைக்கிளில் மூத்தது, முட்டிவலியோடு தாத்தா பாட்டி என்று வரும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மழை பிடித்தாலும் ஒதுங்கக் கடை உண்டு. ஆனால் பெரும்பகுதியில் மணலே இல்லை. துறைமுக அலைத்தடுப்புச் சுவர் மணல் வரத்தை மறித்ததால் கரை அரித்து, பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களில் பாசி படிந்திருக்கும். மழைக்குப் பின் ஏறவே விடாதீர்கள்.

மணல் வேண்டும், ஓட வேண்டும் என்றால் சில்வர் பீச். நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும் என்பதால் நாலு மணிக்கே போய்விடுங்கள். கெடிலம் முகத்துவாரப் பக்கம் ஒதுங்க வேண்டாம். வெள்ளம் வடிந்த பின் மணல் விளிம்பு செங்குத்தாக அறுந்து நிற்கும், பிள்ளை போய் நின்றால் அப்படியே சரியும். கடலில் கால் நனைப்பது கணுக்கால் அளவோடு இருக்கட்டும். அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் நுரையில்லாமல் கருத்து, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் ஆபத்தான இடம். கரையேறிய நீர் கடலுக்குத் திரும்பி ஓடும் பாதை அது. சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் கொண்டுபோய் விடும் பாரடைஸ் பீச்சுக்கும் இது பொருந்தும்.

பறவை பார்க்க ஊசுடு ஏரி. புதுச்சேரிக்கு மேற்கே, பத்துக் கி.மீ. சொச்சம். நவம்பரில் ஏரி நிரம்பித் ததும்பும்போது போய், தூரத்தில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுச் சலித்து வருகிறவர்கள் அதிகம். அரையாண்டு லீவில் போனால் வலசை வாத்துகள் கூடியிருக்கும். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, நீர்க்காகத்தைச் சிறுவர்களே அடையாளம் சொல்லிவிடுவார்கள். காலை ஆறரைக்கு, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பைனாகுலர் எட்டு மடங்கு போதும். பத்து மடங்கு சின்னக் கையில் ஆடும், ஒன்றும் தெரியாது.

நாள் முழுக்கத் தூறல் என்றால் புதுச்சேரி அருங்காட்சியகம். பழங்கால வணிகத் துறைமுகமான அரிக்கமேட்டை நேரில் காட்டுகிறேன் என்று பிள்ளைகளை மழையில் இழுத்துப் போவதில் பலனில்லை. தோப்புக்குள் செங்கல் சுவர் கொஞ்சம் நிற்கிறது, அவ்வளவுதான். 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய அந்த மேட்டின் மணிகளும் ரோமானிய மதுச்சாடி உடைசல்களும் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. ஆள் பின்னாலிருந்து தள்ள, துரைமார் உட்கார்ந்து போன புஸ்-புஸ் வண்டியும் அங்கே உண்டு, பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். திங்கட்கிழமை மட்டும் பூட்டியிருக்கும்.