முறுக்கு வயர், பீங்கான் சுவிட்ச்: நாலுகெட்டு வீட்டுக்கு ஒத்துவருமா?
குமரி மாவட்டத்தில் தக்கலை, குலசேகரம் பக்கத்து நாலுகெட்டு (நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய) வீடுகளில் சுவர் வெட்டுக்கல், பூச்சு சுண்ணாம்பு. கட்டர் வைத்து ஒரு இஞ்சுக்குக் காடி எடுத்தால் நாலு இஞ்சுக்குப் பெயர்ந்து வரும். அதைச் சிமெண்டால் அடைத்தாலோ உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுற்றியிருக்கும் பூச்சும் பொரிந்து உதிரும். தரையைத் தொடவே கூடாது. பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பதுபோன்ற கறுப்புத் தளத்தை ஒருமுறை வெட்டினால் ஒட்டுப்போட ஆள் கிடைக்காது.

அதனால் துணி உறை போட்ட முறுக்கு வயர், அதைத் தாங்கும் பீங்கான் குமிழ், வட்டச் சுவிட்ச் என்று செட்டாக விற்பது இந்த வீடுகளுக்குப் பொருத்தம்தான். எல்லாம் சுவருக்கு வெளியே ஓடும். வேண்டாமென்றால் திருகைக் கழற்றினால் போதும்.

குறை வயரில்தான். பல செட்டுகளில் வருவது 0.75 சதுர மி.மீ., அதுவும் எர்த் இல்லாத இரட்டை வயர். அதை 16 ஆம்ப்ஸ் எம்சிபியில் (மின்சாரம் அளவுமீறினால் தானே அணையும் சுவிட்ச்) மாட்டினால் வயரே ஃபியூஸ் ஆகிவிடும். எர்த்தோடு மூன்று வயர் முறுக்கிய 1.5 சதுர மி.மீ. கேட்டு வாங்குங்கள். விளக்குக்கும் ஃபேனுக்கும் அது தாராளம். கிரைண்டர், ஹீட்டர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 வேண்டும். அவற்றை இந்த செட்டில் சேர்க்காமல் மச்சுக்கு (மரத் தட்டுக்கு) மேலே ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் கொண்டுபோவதே சரி. அங்கே பிவிசி பைப் போட்டால் எலி கடிக்கும். பைப்புக்கும் எர்த் கொடுத்து, முனைகளில் வயர் உரசாமல் ரப்பர் புஷ் போட வேண்டும். மச்சுக்குள் ஜாயின்ட் வைக்கக் கூடாது.

குமிழ்களை 60 செ.மீ. இடைவெளியில், முடிந்தவரை உத்தரத்திலும் நிலையிலும் அடியுங்கள். பழைய தேக்கும் அயினியும் இறுகிப்போனவை, 4 மி.மீ. திருகுக்கு முதலில் 3 மி.மீ. துளை போடாவிட்டால் மரம் பிளக்கும். செட்டோடு வரும் இரும்புத் திருகைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளை வாங்குங்கள். குமிழுக்கும் திருகுத் தலைக்கும் நடுவே ஃபைபர் வாஷர் இல்லையென்றால் கடைசிச் சுற்றில் பீங்கான் விரிசல் விடும். குமிழ்களை 10% கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

சுவிட்ச் கைக்கு நன்றாக இருக்கிறது, ‘டக்’கென்று விழுகிறது. ஆனால் சுவரில் நேரே பொருத்தினால் மழைக்காலத்தில் பின்பக்கம் ஈரம் ஏறும். மரக்கட்டை வைத்து அதன்மேல் பொருத்த வேண்டும். ஃபேன் ரெகுலேட்டர் இந்த வடிவத்தில் வருவதில்லை என்பது எரிச்சல்.

வீடு முழுவதற்கும் ஒரே 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்தால் ஐப்பசி மழையில் ஒரு மூலையில் மின்சாரம் கசிந்தாலும் வீடே இருட்டு. இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். இடிக்கு மெயின் போர்டில் எஸ்பிடி (திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் கருவி) அவசியம். வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெக்கரில் (வயர் உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். கோடையில் எல்லா வயரிங்கும் பாஸ் ஆகிவிடும், எனவே மழையிலும் ஒருமுறை பாருங்கள்.

நிறத்தில் காப்பித்தூள் நிறம் நல்லது. வெள்ளைத் துணி அடுக்களைப் புகையில் சீக்கிரமே பழுத்துவிடும்.