இரண்டு முனுசாமிகளும் நேட்டால் கப்பல் பட்டியலும்

எங்கள் பாட்டியின் தாத்தா முனுசாமி, கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாக மதராஸில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவில் அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலின் துறைமுகமான டர்பன் போனவர். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் முனுசாமிகளுக்குப் பஞ்சமே இல்லை. கணினியில் ஏற்றிய கப்பல் பட்டியலில் தேடினால், ஒரே வயதில் இரண்டு பேர். சரி என்று பெயரை விட்டுவிட்டு அப்பா பெயர், ஊர், அங்க அடையாளம் பார்த்தேன். ‘இடது புருவத்தில் தழும்பு.’ பாட்டி சொன்ன அதே தழும்பு! கை நடுங்கிவிட்டது.

அருமையான பட்டியல், தாராளமாக நம்பித் தேடலாம். ஆளுக்கொரு காலனி எண், அதாவது நேட்டாலில் கொடுத்த பதிவு எண், உண்டு. முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ‘மூன்சாமி’ என்றும் தேடிப் பாருங்கள்.